நாலாம் நம்பர் டப்பா

வேலப்பனுக்கு அந்தக் கெட்ட செய்தி காலைப் பெரட்டில்தான் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் தமிழ்ப்பள்ளி வாத்தியார் யோகேஸ். பாவம், அவர் அதை நல்ல செய்தி என்று நினைத்துத்தான் ஓடிவந்தார்.

பெரட்டு நேரத்தில் வாத்தியாருக்கு அங்கே வேலையே கிடையாது. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, யார் எந்தத் தேயிலை மலைக்குப் போவது என்று மண்டோர் பிரித்துவிடும் நேரம் அது. மணி ஆறே கால். பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாத பனி. அந்தப் பனிக்குள்ளிருந்து சாரமும் குளிர்ச்சட்டையுமாக வாத்தியார் வெளிப்பட்டு, கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"கிடைச்சிருச்சு லா! நீங்கல்லாம் சொல்லிக்கிட்டே இருப்பீங்களே, 'மழை வந்தா வாங்க', அந்தப் படம் கிடைச்சிருச்சு. கண்ணாடி மாதிரி கிளியர். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு நம்ம ஹால்ல போடுறோம்!"

வரிசை கலைந்தது. ஆளாளுக்கு வாத்தியாரைச் சூழ்ந்துகொண்டார்கள். மண்டோர்கூடப் பெயர்ப் புத்தகத்தை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார். வேலப்பன் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றார்.

யோகேஸ் கிள்ளானிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து எந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தாலும் இந்தப் படத்தின் பேச்சுத்தான். 1988இல், மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள், எஸ்டேட் ஹாலில் வெள்ளைத் துணி கட்டி ஓட்டிய கடைசிப் படம் அது. அதற்குப் பிறகு வீடு வீடாக வீடியோ வந்துவிட்டது, ஈப்போவிலிருந்து ரீல் டப்பாக்களை லோரியில் ஏற்றிவருவது நின்றுபோயிற்று. பிரிஞ்சாங் டவுன் கடைகளில் தேடினார்கள், அந்தப் படத்தின் கேசட் எங்கேயும் அகப்படவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்த படம். அதனாலேயே ஆளாளுக்கு அதை மனத்துக்குள் ஓட்டி ஓட்டித் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார்கள்.

கதை ஒன்றும் பெரிதில்லை. மதராஸில் ஒரு சந்துக்குள் குடை ரிப்பேர் கடை வைத்திருக்கிறான் சிதம்பரம். பெரிய மீசை, சின்னக் கடை. ஹேமா என்று ஒரு டைப்பிஸ்ட் பெண் கம்பி உடைந்த குடையைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவள் மறுபடி வரவேண்டும் என்பதற்காகவே அவன் அதைச் சரிசெய்யாமல் இழுத்தடிக்கிறான். எப்போது கிடைக்கும் என்று கேட்டால், "மழை வந்தா வாங்க, ஒழுகுதான்னு பார்த்துடலாம்" என்கிறான். மழை வருகிறது, அவளும் வருகிறாள். இன்னொரு கம்பி போயிருக்கிறது. இப்படியே பதினான்கு தடவை. அவளுக்கும் விஷயம் தெரியும், தெரியாத மாதிரி வந்துபோகிறாள். அவ்வளவுதான் படம். அடிதடி இல்லை, வில்லன் இல்லை, ஒருவர் கையை ஒருவர் தொடக்கூட இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் இந்த எஸ்டேட்டில் காதலித்த அத்தனை பேரும் அந்தப் படத்தின் வசனத்தில்தான் காதலித்தார்கள்.

முடிவுதான் எல்லோரையும் உலுக்கிய விஷயம். ஹேமாவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிறது. ரயில் நிலையத்துக்கு வந்த சிதம்பரம், ஒரு வார்த்தை பேசாமல், ரிப்பேர் முடிந்த குடையை அவள் கையில் கொடுக்கிறான். முடித்துக் கொடுத்துவிட்டால் இனி வரவேண்டாம் என்று அர்த்தம். ரயில் போய்விடுகிறது. அவன் மழையில் நிற்கிறான். விளக்குப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஹாலில் மூக்கைச் சிந்தாத பெண் இல்லை.

"சிரிக்க வச்சு சிரிக்க வச்சு, கடைசியில கழுத்தை அறுத்துட்டான் பாவி" என்று அந்தப் படத்தை எடுத்தவனை இன்றுவரை மெச்சிக்கொண்டிருக்கிறார்கள்.

இடையில் அவர்களுக்குக் கல்யாணம் நடக்கிற மாதிரி ஒரு நீளமான காட்சி வருகிறதே என்று கேட்டால், அது கனவு. ஹேமா மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே படுக்கிறாள், கல்யாணம் வருகிறது, அப்புறம் அலாரம் அடிக்கிறது, எழுந்து உட்காருகிறாள். தமிழ்ப் படத்தில் கதாநாயகி கண்ணை மூடினால் கனவு வரும் என்பது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தக் கனவில் சிதம்பரத்துக்கு மீசை இல்லை. இதற்கும் விளக்கம் இருந்தது. மீசை அவளுக்குப் பிடிக்காது, அதனால் கனவில் எடுத்துவிட்டாள். காளியம்மா அக்கா ஒருத்திதான் ஒத்துக்கொள்ளாமல் முப்பத்தாறு வருஷமாக வாதாடிக்கொண்டிருந்தாள்.

"அரைமணி நேரத்துக்கு எவளாச்சும் கனவு காணுவாளா? அதுவும் சமையக்காரன் கறிக்கு உப்பு பார்க்கிறதெல்லாம் கனவுல வருமா? என்னமோ இருக்குடி அதுல."

என்னமோ இருக்கத்தான் செய்தது. அது என்ன என்று தெரிந்தவர் எஸ்டேட்டில் ஒரே ஆள். அவர்தான் இப்போது பெரட்டு வரிசையில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்குப் படம் ஓட்டவேண்டியவர் ஈப்போவிலிருந்து டப்பாக்களோடு வந்த நல்லுசாமி. மலையேறும்போதே அவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி வீட்டில் கம்பளிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு, "டேய் வேலா, நீயே ஓட்டிடு. நாலு டப்பா. நம்பர் பார்த்துப் போடு" என்று சொல்லிவிட்டார். நாலு வருஷமாக அவர் கூடவே நின்று எடுபிடி வேலை பார்த்த வேலப்பனுக்கு அப்போது வயது இருபது. படம் காட்டும் மிஷினைத் தனியாக ஓட்டக் கிடைத்த முதல் நாள். அது போதாதென்று அன்று காலைதான், கொழுந்து நிறுக்கும் இடத்தில், இரண்டு வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்த கேள்வியை அவன் பத்மாவிடம் கேட்டிருந்தான். என்னைக் கட்டிக்கிறியா என்று. பத்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ராத்திரி படம் இருக்குல்ல? படம் முடிஞ்சதும் சொல்றேன்" என்றாள்.

அப்படிச் சொல்லிவிட்டுப் போன பெண், மிஷினுக்குப் பக்கவாட்டில் பெண்கள் பாயில் மஞ்சள் தாவணியில் வந்து உட்கார்ந்தால், இருபது வயதுப் பையனுக்கு டப்பாவின் நம்பரா கண்ணில் படும்? இரண்டாம் ரீல் முடிந்ததும் குனிந்து கைக்கு வந்த டப்பாவைத் திறந்து மாட்டினான். அது நாலாவது. பாதி ஓடிய பிறகுதான் கல்யாணப் பந்தலைப் பார்த்து அவனுக்கு உறைத்தது. நிறுத்தினால் ஊர் சிரிக்கும், நல்லுசாமிக்குக் கம்பெனியில் வேலை போகும். ஓடட்டும் என்று விட்டான். மேளச் சத்தத்தோடு திரையில் 'சுபம்' விழப்போன நேரத்தில் உள்ளங்கையை லென்ஸுக்கு முன்னால் வைத்து மறைத்தான். ரீல் மாற்றுகிற நேரம்தானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு மூன்றாம் ரீலைப் போட்டான். அலாரம் அடித்தது, ஹேமா எழுந்து உட்கார்ந்தாள். வேண்டுமென்றே வெட்டி ஒட்டினால்கூட அவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது.

படம் முடிந்தபோது பத்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவோடு போய்விட்டாள். பதில் இல்லை. அவனும் போய்க் கேட்கவில்லை. சேர்த்துவைத்த ஜோடியைத் தன் கையாலேயே பிரித்துக் காட்டிவிட்டு, எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்று நினைத்தான். நாளைக்குக் கேட்கலாம், தீபாவளிக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டதில் எட்டு மாதம் ஓடிற்று. பத்மாவுக்குச் சுங்கை பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். வேலப்பன் பந்தலுக்கு மூங்கில் வெட்டிக் கொடுத்தான். அதற்குப் பிறகு ஏழு இடத்தில் பெண் பார்த்தார்கள், ஏழு இடத்திலும் ஏதோ ஒன்று தட்டிப்போனது. எட்டாவது இடத்துக்கு அவனே வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

பத்மா புருஷனை இழந்து திரும்பி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. தம்பி வீட்டில் இருக்கிறாள். மலையில் ஆள் பற்றாக்குறை, பெண்களும் கொழுந்து வெட்டும் மிஷின் பிடிக்கலாம் என்று துரை சொன்னபோது முதலில் கையைத் தூக்கியவள் அவள்தான். அந்த மிஷினை ஒரு ஆள் பிடிக்க முடியாது. தேயிலை வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், நடுவில் பிளேடு. இரண்டு பேரும் ஒரே அடி வைத்து நடக்கவேண்டும். ஒருவர் முந்தினால் வெட்டு கோணும், முத்தல் இலையெல்லாம் பைக்குள் வந்துவிடும். நாலு வருஷமாக வேலப்பனுக்கு எதிர்ப்பக்கம் பத்மாதான். மோட்டார் போடுகிற இரைச்சலில் பேச முடியாது. தலையை ஆட்டினால் பிளேடைத் தூக்கு, புருவத்தை உயர்த்தினால் நில். நாள் முழுக்க எதிரெதிரே பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நடப்பார்கள். எஸ்டேட்டில் தன் வயது ஆண்கள் எல்லோரையும் அண்ணே என்று கூப்பிடுகிறவள், இவரை மட்டும் இந்தாங்க என்பாள். அந்த வித்தியாசத்தை வேலப்பன் கவனித்திருந்தார். கவனித்துப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அவருடைய சாமர்த்தியத்துக்கு ஒன்று சொன்னால் போதும். மூன்று மாதத்துக்கு முன்னால் பத்மா ஒரு குடையைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஒரு கம்பி போயிருச்சு. பார்த்து வைங்க. அவசரமில்ல." வேலப்பன் மத்தியானம் சாப்பிடக்கூட உட்காராமல், மெல்லிய கம்பி வைத்துக் கட்டி, சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். "இவ்வளவு சீக்கிரமாவா?" என்றாள் அவள். மனிதர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம்தான், ஷா ஆலாமில் இருக்கிற மகள் துளசியோடு போய் இருந்துவிடப்போவதாக அவள் வேலைக்கு எழுதிக் கொடுத்தாள். வருகிற திங்கட்கிழமை காலை துளசி காடி ஓட்டிக்கொண்டு வந்து அவளை ஏற்றிப்போகிறாள். அந்தப் படம் ஞாயிற்றுக்கிழமை.

வேலப்பனுக்குக் கணக்கு நன்றாகவே புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த முடிவைப் பார்த்தால் பத்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும். இவன்தான் அன்றைக்கு மிஷின் ஓட்டினான், இவன்தான் மாற்றிப் போட்டான், போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் என்னை இன்னொருவனுக்குப் பந்தல் போட்டு அனுப்பினான் என்று நினைப்பாள். அந்த நினைப்போடு காடியில் ஏறிப் போய்விடுவாள். அவள் போவதையே அவரால் தாங்கமுடியாது. தன்னைக் கேவலமாக நினைத்துக்கொண்டு போவதை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். பத்தாம் நம்பர் மலை, சரிவு. மிஷின் இரைந்துகொண்டிருந்தது. நேருக்கு நேர் சொல்ல தைரியம் இல்லாததால் அந்த இரைச்சலுக்குள்ளேயே கத்தினார். "பத்மா! அந்தப் படத்தை நான்தான் மாத்திப் போட்டேன்!"

பத்மா காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினாள்.

"நான்தான்! ரீலை மாத்திட்டேன்!"

அவள் புருவத்தை உயர்த்தினாள். நில் என்று அர்த்தம். அவர் மோட்டாரை அணைத்தார். மலை சட்டென்று அமைதியாகிவிட்டது. கீழே ரோட்டில் கோலா தெர்லாவிலிருந்து வரும் முட்டைக்கோஸ் லோரி ஒன்று கியர் மாற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. பிளேடைக் கொஞ்சம் தூக்கிப் பிடி."

"தூக்கித்தானே பிடிச்சிருக்கேன்" என்றாள் பத்மா. அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கைப்பிடியைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வாத்தியாரிடம் போனார். "சார், அந்தப் படத்துல ரயில் போறதோட நிறுத்திடுவோமா? அதுக்கு மேல நல்லா இருக்காது."

"அதுக்கு மேலயா?" யோகேஸ் விழித்தார். "அண்ணே, நான் முன்னாடி பார்க்கல, எல்லாரோடயும் சேர்ந்து பார்க்கணும்னு வச்சிருக்கேன். எங்க நிறுத்துறதுன்னு படம் எடுத்தவங்களுக்குத் தெரியாதா?"

லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டக்காரர்கள் பாத்திக்கு விரிக்கிற கறுப்புப் பிளாஸ்டிக்கை வாத்தியார் ஒரு சுருள் வாங்கி வைத்திருந்தார். வேலப்பன் ஏணியில் ஏறி, ஹால் ஜன்னல்களுக்கு அதை அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கே ஹால் நிறைந்துவிட்டது. தாப்பா, ஈப்போ என்று பிழைக்கப் போனவர்கள்கூடக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வாசலோரம் மேசையில் வடை, கேசரி, பெரிய பானையில் தேத்தண்ணி. இரண்டு மணிக்குப் படம் தொடங்கியபோது மழையும் தொடங்கியது. தகரக் கூரையில் அது அடித்த அடியில் வசனம் ஒன்றும் கேட்கவில்லை, யாருக்கும் கேட்கத் தேவையும் இருக்கவில்லை. சிதம்பரம் வாயைத் திறக்குமுன்னே ஹால் முழுக்க ஒரே குரலாக, "மழை வந்தா வாங்க!" என்றது. குழந்தைகள் பெரியவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு கன்னம் சிவக்க உட்கார்ந்திருந்தார்கள். படம் அப்படியேதான் இருந்தது. பார்க்கிறவர்களுக்குத்தான் வயதாகிவிட்டது.

வேலப்பன் பின்சுவரோரம் நின்றார். மூன்று வரிசைக்கு முன்னால் பத்மா, நீலச் சேலை. மடியில் குடை.

ஹேமா மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்தாள். உடனே அலாரம் அடித்தது, எழுந்து உட்கார்ந்தாள்.

"சார், கனவு எங்க?" என்று ஒரு குரல். "கனவை வெட்டிட்டாங்க!" "சென்சாரா இருக்கும்." "அதுல என்ன இருக்கு வெட்டுறதுக்கு? கல்யாணம்தானே!" வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. காளியம்மா அக்கா மட்டும் பேசாமல் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ரயில் நிலையம் வந்தது. குடை கை மாறியது. ரயில் போனது. அவன் மழையில் நின்றான். ஹாலில் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. திரை இருண்ட அந்த ஒரு கணத்தில் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். யாரோ கதவைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டார். வடை மேசையைப் பார்த்துக் கூட்டம் நகர்ந்தது.

"உக்காருங்க!" என்று யோகேஸ் கத்தினார். "இன்னும் அரைமணி நேரம் படம் இருக்கு!"

"முடிஞ்சிருச்சு சார். எங்களுக்குத் தெரியாதா?"

"மிச்சம் வேற படமா இருக்கும் சார், அணைங்க."

வேலப்பன் பார்த்துக்கொண்டே நின்றார். இவ்வளவு சுலபமாகத் தப்பிப்போம் என்று அவர் நினைக்கவே இல்லை. ஒன்றும் செய்யவேண்டாம். சும்மா நின்றால் போதும். எல்லோரும் வடை தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள், அவர் மானம் அவரோடு இருக்கும். பத்மாவும் எழுந்துவிட்டாள். குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தாள். நாளைக்குக் காலை காடி வரும். நாளை மறுநாள் மிஷினுக்கு எதிர்ப்பக்கம் வேறு யாராவது நிற்பார்கள்.

அவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றதை அவரே பிறகுதான் உணர்ந்தார்.

"உக்காருங்க" என்றார். குரல் எழும்பவில்லை. மறுபடி, மிஷின் இரைச்சலில் கத்துகிற மாதிரிக் கத்தினார். "எல்லாரும் உக்காருங்க! படம் முடியல. அன்னிக்கும் முடியல. நான்தான் டப்பாவை மாத்திப் போட்டேன். நாலாவதை மூணாவதா போட்டுட்டேன். அது கனவு இல்ல, கல்யாணம். நெசமாவே கல்யாணம். அவங்க சேர்ந்துட்டாங்க."

கையில் வடையோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள்.

"மீசை!" என்று அலறினாள் காளியம்மா. "நான் சொன்னேனா இல்லையாடி? முப்பத்தாறு வருஷமா சொன்னேனா இல்லையா? அவன் எடுத்துட்டான்டி மீசையை! அவளுக்காக நெசமாவே எடுத்துட்டான்!"

ஹால் வெடித்தது. சிரிப்பா கோபமா என்று பிரிக்கமுடியவில்லை. "அடப்பாவி வேலு, நான் மூணு நாள் சோறு திங்கலடா" என்றாள் ஒருத்தி. "அலாமாக், அந்த ரயிலைப் பார்த்துத்தானே நான் இவரைக் கட்டிக்க பயந்தேன்" என்றாள் இன்னொருத்தி, பக்கத்தில் இருந்த புருஷனைக் காட்டி. வேலப்பன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு முகத்தைப் பார்க்கத்தான் ஆசை, அதைப் பார்க்கத்தான் பயமாகவும் இருந்தது.

பத்மா திரும்பி நடந்துபோய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

மீசை இல்லாத சிதம்பரம் கோயம்புத்தூரில் ரயிலைவிட்டு இறங்கினான். ஹேமாவுக்கு அடையாளம் தெரியவில்லை. "உங்க குடையில ஒரு கம்பி சரியில்லங்க, கடைக்குக் கொண்டுவரணும்" என்றான். அந்தக் குரலைக் கேட்டு அவள் திரும்பினாள். கல்யாணம் நடந்தது, சமையற்காரன் கறிக்கு உப்பு பார்த்தான், ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். கனவென்று நினைத்துப் பார்த்த அதே காட்சி, நிஜம் என்று தெரிந்து பார்க்கும்போது எவ்வளவு நன்றாக இருந்தது! வேலப்பனுக்குக் கண் மறைத்துவிட்டது, பாதியைப் பார்க்க முடியவில்லை.

மேளம் கொட்டியது. 'சுபம்' விழுந்தது. அதை மறைக்க யார் கையும் வரவில்லை.

கூட்டம் அவரைத் தட்டியும் கிள்ளியும் திட்டியும் முடித்து வடைக்குப் போனபோது, ஹால் வாசல் படியில் பத்மா நின்றிருந்தாள். மழை விடவில்லை. வேலப்பன் பக்கத்தில் போய் நின்றார். நாலு வருஷத்தில் அவர்களுக்கு நடுவில் தேயிலை இல்லாமல் நிற்பது அபூர்வம்.

"என்னை மன்னிச்சிரு பத்மா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவர் அவளைப் பார்த்தார்.

"எல்லாரும் திரைத் துணியைப் பார்த்தாங்க. நான் எங்க துணியைப் பார்த்தேன், உங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் பத்மா, மழையைப் பார்த்தபடி. "திடீர்னு மூஞ்சி வெளிறிப்போச்சு உங்களுக்கு. கையை வச்சு வெளிச்சத்தை மூடினீங்க. எதை மூடுறாருன்னு திரும்பிப் பார்த்தேன். விரல் சந்துல 'சு' மட்டும் தெரிஞ்சுச்சு. படிச்ச பிள்ளைதானே நான்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட..."

"படம் முடிஞ்சதும் சொல்றேன்னு சொல்லியிருந்தேன். நீங்கதான் படத்தை முடியவிடலையே." "நாளைக்கு வந்து சொல்லுவாரு, 'பத்மா, தப்பாப் போட்டுட்டேன், அவங்க சேர்ந்துட்டாங்க'ன்னு சொல்லுவாருன்னு காத்துக்கிட்டு இருந்தேன். அதைச் சொல்ல வந்தா சரின்னு சொல்லிடலாம்னு இருந்தேன். எட்டு மாசம். நீங்க வந்தது பந்தலுக்கு மூங்கிலோட."

அந்த எட்டு மாதமும் தான் கேட்கவேண்டியது ஒரு கேள்வி என்று வேலப்பன் நினைத்திருந்தார். அவள் எதிர்பார்த்தது கேள்வியே இல்லை, ஒரு தப்பை ஒத்துக்கொள்வது. அதற்கு இருபது வயதில் இல்லாத தைரியம் ஐம்பத்தாறு வயதில்தானா வரவேண்டும்?

"நானாவது வாயைத் திறந்திருக்கலாம்" என்றாள் அவளே. "எனக்கும் ரோஷம்."

"நீ நாளைக்குப் போகாதே பத்மா" என்றார் வேலப்பன். இதைச் சொல்ல அவர் யோசிக்கவில்லை. "எனக்கு உன்னை விட்டா யாரும் இல்ல. அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல."

பத்மா கையிலிருந்த குடையை விரித்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் கட்டிக் கொடுத்த கம்பி உறுதியாகத்தான் இருந்தது. அதை இரண்டு விரலால் பிடித்து ஒரு வளை வளைத்தாள். படக்கென்று விட்டுப்போயிற்று. குடையை மடக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"துளசி காடி எடுத்துக்கிட்டு வர்றா, போகாம இருக்க முடியாது. பேரப்பிள்ளையோட ரெண்டு வாரம் இருந்துட்டு, அவகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு வர்றேன். வந்து குடையைக் கேப்பேன்."

"சரி" என்றார் வேலப்பன். "அதுக்குள்ள முடிச்சு..."

பத்மா புருவத்தை உயர்த்தினாள்.

வேலப்பன் நிறுத்திக்கொண்டார். குடையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, முப்பத்தாறு வருஷம் தாமதமாக, சரியான வசனத்தைச் சொன்னார்.

"மழை வந்தா வாங்க."

"இங்க என்னைக்குத்தான் மழை இல்ல?" என்று சொல்லிவிட்டு, பத்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கி நடந்தாள்.